அலமாரியில் தொங்கும் அச்சம்

பொருளைச் சேர்ப்பதற்கு மனிதனுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. விடுவதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. அதிலும், பயன்படும் பொருளை விடுவதைக் காட்டிலும் பயன்படாத பொருளை விடுவது சில வேளைகளில் கடினமாகிவிடுகிறது. பயன்படும் பொருளை மனிதன் கையில் வைத்திருக்கிறான். பயன்படாத பொருளை மனத்தில் வைத்திருக்கிறான்.

துறவு, தியாகம், பற்றின்மை என்னும் சொற்களைக் கேட்டவுடன் காடும் காவியும் பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆனால் இல்லறத்தில் இருப்பவர்களுக்கு இவற்றின் முதற்பாடம் வீட்டுக்குள்ளேயே, சில நேரங்களில் ஒரு துணி அலமாரியின் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. உடல் எடை பெருமளவு குறைந்துவிட்ட ஒருவர், தமக்கு இனிப் பொருந்தாத பெரிய அளவு ஆடைகளை என்ன செய்வது என்ற கேள்வி அத்தகைய ஒரு பாடம். பார்வைக்கு மிகச் சிறிய கேள்விதான். எனினும் அச்சம், வெறுப்பு, நன்றி, ஈகை ஆகிய நான்கும் இதனுள் அடங்கியிருக்கின்றன.

இக்கேள்வி இன்று யாரோ சிலருக்கு மட்டும் உரியதன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 24 சதவீதத்தினரும் ஆண்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினரும் மிகையான எடையோ உடற்பருமனோ உடையவர்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், மூட்டுவலி என ஏதேனும் ஒரு காரணத்தால் மருத்துவரின் அறிவுரைப்படி எடையைக் குறைக்க முயல்பவர்கள் ஏராளம். அவர்களில் வெற்றி பெற்ற ஒவ்வொருவரும் ஒருநாள் இந்த அலமாரியின் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

அலமாரியின் முன்னால் ஒருவர்

நாகபுரியில் வாழும் ஓர் அரசு அலுவலரை எண்ணிப் பார்க்கலாம். வயது 51. சர்க்கரை நோயின் தொடக்க நிலையைக் கண்டு மருத்துவர் எச்சரித்தபோது அவருடைய எடை 112 கிலோ. அன்றிலிருந்து நாள்தோறும் விடியற்காலையில் அம்பாசரி ஏரிக்கரையில் நடந்தார். இனிப்பையும் எண்ணெய்ப் பண்டங்களையும் விலக்கினார். இரவு உணவை முன்னதாகவே முடித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் எடை 79 கிலோவாகக் குறைந்தது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. அந்த நிலையிலேயே எடை ஓர் ஆண்டாக நின்றிருக்கிறது.

அவர் இளைத்தார், அவருடைய அலமாரி இளைக்கவில்லை. 44 அங்குல இடுப்பளவுள்ள கால்சட்டைகளும் தோளிலிருந்து வழிந்து விழும் சட்டைகளும் அதில் அப்படியே இருந்தன. ஓரத்தில் கழுத்துவரை மூடிய ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. தங்கையின் திருமணத்துக்காக அவருடைய தந்தை, மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தது அது.

சிலவற்றையேனும் பிடித்துத் தைக்கலாம் என்று தையற்காரரிடம் எடுத்துச் சென்றார். அவர் அளவெடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இரண்டு அங்குலமென்றால் பிடித்துவிடலாம், சாகேப். எட்டு அங்குலம் பிடித்தால் பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். துணி நல்ல துணிதான், ஆனால் இது உங்களுக்கு உரியதன்று" என்றார்.

ஆடைகள் மீண்டும் அலமாரிக்கே திரும்பின. ஒருநாள் அவருடைய தாய் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவற்றையெல்லாம் ஏன் வைத்திருக்கிறாய்?"

"இருக்கட்டும் ஆயி, எப்போதாவது தேவைப்படும்" என்றார் மகன்.

"எப்போது தேவைப்படும்?"

அதற்கு அவரால் விடை கூற இயலவில்லை. ஏனெனில் உண்மையான விடை ஒன்றே ஒன்றுதான்: 'மீண்டும் நான் பருக்கும்போது.' அதை அவர் அதுவரை தம்மிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இரண்டு ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து நடந்த மனிதருக்குள் இன்னொருவர் இருந்துகொண்டு, 'இது நிலைக்காது' என்று சொல்லிவந்திருக்கிறார். அலமாரியில் தொங்கியவை ஆடைகள் அல்ல, அந்தச் சொல்லே.

அச்சம் பொய்யன்று

இத்தகையவரிடம் 'அஞ்சாதீர்' என்று கூறுவது எளிது. ஆனால் அச்சத்துக்குக் காரணம் உண்டா, இல்லையா என்று ஆராயாமல் கூறப்படும் தைரியம் நெடுநாள் நிற்பதில்லை. இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. உடலின் இயல்பே அதற்குக் காரணம்.

2008ஆம் ஆண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வயது வந்த மனிதனின் உடலில் கொழுப்பைச் சேமிக்கும் செல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாமலே இருக்கிறது என்று அது காட்டியது. எடை பெரிதும் குறைந்த பின்னரும் அந்தச் செல்களின் எண்ணிக்கை குறைவதில்லை. அவை சுருங்குகின்றன, அவ்வளவே. ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு செல்கள் மடிந்தாலும் அவற்றின் இடத்தில் புதியவை தோன்றிவிடுகின்றன. இச்செல்களிலிருந்து சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன், சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்ற செய்தியை மூளைக்குத் தெரிவிக்கிறது. எடை குறையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்ச காலமாகக் கருதிப் பசியைத் தூண்டுகிறது. உடல் செலவிடும் ஆற்றலையும் சுருக்கிக்கொள்கிறது. எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் புதிய ஊசி மருந்துகள் இப்போது இந்தியாவிலும் கிடைக்கின்றன. அவற்றை நிறுத்திய பின்னர் இழந்த எடையின் பெரும்பகுதி பலருக்குத் திரும்பிவிடுவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதாவது, மனிதன் பழைய ஆடையை அலமாரியில் வைத்திருப்பதைப் போலவே உடலும் தன் பழைய அளவைத் தனக்குள்ளே மடித்து வைத்திருக்கிறது. காலியான பாத்திரங்களை அது உடைத்தெறியவில்லை, கவிழ்த்து வைத்திருக்கிறது.

நம் நாட்டுச் சிந்தனையாளர்கள் மனத்தைப் பற்றி இதையேதான் கூறினார்கள். ஒரு பழக்கம் வெளியே மறைந்துவிட்டாலும் அதன் பதிவு உள்ளே எஞ்சியிருக்கும். அதை அவர்கள் சம்ஸ்காரம் என்றும் வாசனை என்றும் அழைத்தார்கள். மண்ணுக்குள் கிடக்கும் விதை மழைக்காகக் காத்திருப்பதைப் போல அது தன் காலத்துக்காகக் காத்திருக்கும். வறுத்த விதை மட்டுமே முளைக்காது. எடை குறைந்தவரின் உடலிலோ விதை இன்னும் வறுபடவில்லை. ஆகவே 'மீண்டும் பருத்துவிடுவேனோ' என்ற எண்ணத்தைக் கோழைத்தனம் என்று இகழ்வது நியாயமாகாது. அதில் ஓர் உண்மை இருக்கிறது.

குடையும் ஆடையும்

இங்கே ஒருவர் கேட்கலாம்: "அச்சத்துக்குக் காரணம் இருக்கிறதென்றால் பெரிய ஆடைகளை வைத்துக்கொள்வது முன்னெச்சரிக்கைதானே? கையில் குடை வைத்திருப்பவன் மழையை அழைக்கிறான் என்று எவரேனும் சொல்வார்களா?"

நல்ல கேள்வி. ஆனால் குடைக்கும் இந்த ஆடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. குடை, மழையில் நனையாமல் மனிதனைக் காக்கிறது. பெரிய ஆடையோ எடை கூடாமல் எவரையும் காப்பதில்லை. எடை கூடும்போது அது தெரியாமல் இருப்பதற்கு மட்டுமே உதவுகிறது. இடுப்பில் கால்சட்டை சற்றே இறுகும்போது உடல் ஒரு செய்தியை அனுப்புகிறது. அலமாரியில் அடுத்த அளவு தயாராக இருந்தால் அந்தச் செய்தியைப் படிக்காமலேயே மடித்து வைத்துவிடலாம்.

அப்படியானால் உண்மையான குடை எது? அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு முதல், குறைந்தது 13.6 கிலோ எடையைக் குறைத்து ஓராண்டுக்கு மேல் அதைக் காத்துவருபவர்களின் பதிவேடு ஒன்று பராமரிக்கப்பட்டு வருகிறது. அதில் இடம்பெற்றவர்களிடம் பொதுவாகக் காணப்படும் பழக்கங்கள் மிக எளியவை. அவர்கள் தவறாமல் எடை பார்த்துக்கொள்கிறார்கள். நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடலை இயக்குகிறார்கள். உணவில் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். இவற்றில் எதுவும் அலமாரியில் வைக்கக்கூடியதன்று. காவல் என்பது பொருளில் இல்லை, நாள்தோறும் செய்யும் செயலில் இருக்கிறது.

முன்னெச்சரிக்கையையும் அச்சத்தையும் பிரித்தறிய இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. முன்னெச்சரிக்கை மனிதனை இன்று ஒரு செயலைச் செய்யத் தூண்டும். அச்சம் நாளைய தோல்விக்கு இன்றே இடம் ஒதுக்கி வைக்கும்.

விவேகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நோயினால் திடீரென்று இளைத்தவர், மகப்பேற்றையொட்டி உடல் மாறிக்கொண்டிருப்பவர், எடை இன்னும் ஒரு நிலையில் நிற்காதவர் ஆகியோர் அவசரப்பட வேண்டியதில்லை. புதிய ஆடை வாங்கப் பணமில்லாதவர் பழையதைக் கயிறு கட்டி உடுத்தினாலும் அதில் இழிவில்லை. அபரிக்கிரகம் என்பது தேவைக்கு மேல் சேர்க்காமை, தேவையானதையும் எறிந்துவிடுவதன்று. கேள்வி, உடல் நிலைபெற்ற பின்னரும் புதிய ஆடை வாங்கிய பின்னரும் பழையவற்றை விட இயலாதவரைப் பற்றியது.

வெறுப்பும் ஒரு கட்டுதான்

தாயின் கேள்வி நாகபுரி அலுவலரின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் குவித்தார். மனைவியும் பதினேழு வயது மகளும் உதவிக்கு வந்தனர். விட்டொழிப்பதென்று முடிவு செய்துவிட்டதால் அவருக்கு ஒருவித உற்சாகம் பிறந்திருந்தது. ஒரு கால்சட்டையை விரித்துப் பிடித்து, அதன் ஒரே காலுக்குள் தம் இரு கால்களையும் நுழைத்துக் காட்டிச் சிரித்தார். "பாருங்கள், இந்தக் கோணிப்பைக்குள் ஒரு மூட்டை இருந்தது! எப்படித்தான் வெட்கமில்லாமல் இதை மாட்டிக்கொண்டு வெளியே போனேனோ!" என்றார்.

மனைவி சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்து உள்ளே சென்றுவிட்டாள். அவளும் தந்தையின் உடல்வாகைக் கொண்டவள்.

பற்றை விட்டவர்கள் அடிக்கடி விழும் குழி இது. பற்றுக்கு எதிரானது வெறுப்பு என்று அவர்கள் எண்ணிவிடுகிறார்கள். பழைய ஆடையை மார்போடு அணைத்துக்கொள்பவனும் அதைக் காலால் மிதிப்பவனும் ஒரே ஆடையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கீதையில் விருப்பையும் வெறுப்பையும் சேர்த்தே விலக்குமாறு மீண்டும் மீண்டும் வற்புறுத்தப்படுவதன் காரணம் இதுவே. இரண்டும் ஒரே கயிற்றின் இரு முனைகள்.

தம் பழைய உடலை இகழ்பவர், தாம் அறியாமலேயே பிறரையும் இகழ்கிறார். பருத்த உடல் வெட்கத்துக்குரியது என்று அவர் கூறும்போது, அதே உடலோடு அந்த அறையில் இருப்பவர் அதைத் தம்மைப் பற்றிய தீர்ப்பாகவே கேட்கிறார். உடற்பருமனுக்குப் பரம்பரை, நோய், மருந்துகள், வறுமை, வேலையின் தன்மை, தூக்கமின்மை எனப் பல காரணங்கள் உண்டு. சோம்பல் என்ற ஒரே சொல்லில் அதை அடக்குவது அறிவுக்கும் பொருந்தாது, அன்புக்கும் பொருந்தாது.

தவிர, அந்த 112 கிலோ உடல் என்ன தவறு செய்தது? அந்த உடல்தான் முப்பதாண்டுகள் அலுவலகம் சென்று குடும்பத்தைக் காத்தது. மகள் பிறந்தபோது அவளைத் தூக்கிய தோள்கள் அந்த உடலுடையவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரிக்கரையில் முதல் நாள் நடந்தது இளைத்த உடலன்று. மூச்சு வாங்க, முழங்கால் வலிக்க முதல் அடியை எடுத்துவைத்தது அந்தப் பருத்த உடல்தான். இன்றைய உடல் அதனிடம் கடன்பட்டிருக்கிறது.

அந்தத் தேவதத்தனே இவன்

நமது தத்துவ நூல்களில் தேவதத்தன் என்னும் பெயர் அடிக்கடி வரும். அவன் ஒரு குறிப்பிட்ட மனிதனல்லன். எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படும் பெயர். மீமாம்சகர்கள் அவனைப் பருத்தவனாகக் காட்டுகிறார்கள். தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆனாலும் பருத்திருக்கிறான். ஆகவே அவன் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும் என்பது அருத்தாபத்தி என்னும் பிரமாணத்தை விளக்க அவர்கள் கூறும் புகழ்பெற்ற உதாரணம்.

வேதாந்திகளும் அதே பெயரைப் பயன்படுத்துகிறார்கள். முன்பு எங்கோ ஓரிடத்தில் பார்த்த ஒருவனை இன்று வேறோர் இடத்தில் காணும்போது, 'அந்தத் தேவதத்தனே இவன்' என்று மனிதன் கூறுகிறான். அன்றைய இடமும் காலமும் வேறு. இன்றைய இடமும் காலமும் வேறு. இந்த வேறுபாடுகளை விலக்கிவிட்டுப் பார்க்கும்போது எஞ்சும் ஒருவனையே அந்த வாக்கியம் சுட்டுகிறது.

எடை குறைந்த மனிதரின் நிலை இந்த இரு தேவதத்தர்களுக்கும் நடுவில் இருக்கிறது. பழைய புகைப்படத்தைப் பார்க்கும்போது, 'இவன் நானல்ல' என்று அவருடைய உள்ளம் கூறுகிறது. கண்ணாடியைப் பார்க்கும்போதோ, 'இவனும் நானல்ல' என்ற திகைப்பு எழுகிறது. பல மாதங்கள் கடந்த பின்னரும் குறுகிய வாயிலில் நுழையும்போது உடலைத் திருப்பிக்கொள்பவர்கள் உண்டு. பேருந்தில் ஒருவர் அமரும் இருக்கையில் இடம் போதாது என்று எண்ணி நின்றுகொண்டே செல்பவர்களும் உண்டு. உடல் முன்னே சென்றுவிட, மனம் பின்தங்கி நிற்கிறது.

பழைய உடலை மாற்றிப் புதிய உடலை ஏற்பதை, நைந்த ஆடையைக் களைந்து புதிய ஆடையை உடுத்துவதற்குக் கீதையின் இரண்டாம் அத்தியாயம் ஒப்பிடுகிறது. அந்த உவமையில் ஆடை நைகிறது, உடுத்தியவன் நிலைத்திருக்கிறான். எடை குறைந்தவரின் வாழ்விலோ ஒரு விந்தை நிகழ்கிறது. ஆடை நையவில்லை, உடல் போய்விட்டது. போன உடலின் அளவைக் காட்டிக்கொண்டு ஆடை மட்டும் தொங்குகிறது. மரணத்துக்குப் பின்னர்தான் விளங்கும் என்று எண்ணிய உண்மை, வாழும்போதே கண்முன் நிற்கிறது. அந்த உடலைக் கொண்டிருந்தவரும் இந்த உடலைக் கொண்டிருப்பவரும் ஒருவரே. எனவே, அவர் அந்த உடலும் அல்லர். இந்த உடலும் அல்லர்.

இதை உணர்பவருக்குப் பழைய ஆடையின்மேல் அச்சம் தோன்றாது, வெறுப்பும் தோன்றாது. புதிய உடலின்மேல் கர்வமும் தோன்றாது. இன்று பொருந்தும் சட்டையும் ஒருநாள் பொருந்தாமற் போகும். முதுமையில் எல்லா உடலும் தளரும். ஒருவேளை எடை மீண்டும் கூடினாலும் கூடலாம். அன்று அவர் வெட்கமின்றி அந்த அளவுக்கு உரிய இரண்டு சட்டைகளை வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் மீண்டும் நடக்கச் செல்லலாம். விடுதல் என்பது இனி வீழ்வதில்லை என்ற சபதமன்று. வீழ்ந்தாலும் எழ இயலும் என்ற நம்பிக்கை.

கொடுப்பதில் உள்ள தவறுகள்

விடுவதென்று முடிவு செய்தபின் அடுத்த கேள்வி எழுகிறது: யாரிடம், எப்படிக் கொடுப்பது?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியபோது நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து குவிந்தன. அவற்றில் பெரும்பகுதி அம்மக்களுக்குப் பயன்படாதவை. கிழிந்தவையும் அழுக்கானவையும் அவற்றில் இருந்தன. உழைத்து உண்டு மானத்தோடு வாழ்ந்த மீனவ மக்கள் அவற்றைத் தொடவும் மறுத்தனர். சாலையோரங்களில் துணிக்குவியல்கள் கிடந்தன. அனுப்பியவர்களின் இரக்கம் பொய்யன்று. ஆனால் அவர்களில் பலர் பெறுபவரின் தேவையை எண்ணவில்லை. தம் அலமாரியை எண்ணினார்கள்.

அந்தக் குவியல்களைத் தரம் பிரித்துப் பயனுள்ளவையாக்கும் பணியில் ஈடுபட்ட அமைப்புகளுள் 'கூஞ்ச்' ஒன்று. தம் வீட்டிலிருந்த 67 ஆடைகளோடு 1999ஆம் ஆண்டு தில்லியில் அதைத் தொடங்கிய அன்ஷு குப்தா, 2015இல் மகசேசே விருது பெற்றார். கிராம மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு தோண்டுகிறார்கள், பாலம் கட்டுகிறார்கள், குளம் தூர்வாருகிறார்கள். அந்த உழைப்புக்கு மதிப்பளிக்கும் வகையில் ஆடைகள் வழங்கப்படுகின்றன என்பது அந்த அமைப்பின் முக்கியமான நடைமுறை. ஆடை அங்கே பிச்சையாக இல்லை. உழைத்தவரின் உரிமையாக இருக்கிறது.

பெரிய அளவு ஆடையைக் கொடுப்பதில் தனியானதொரு நுட்பமும் உண்டு. அதை உடுத்தக்கூடியவர் பருத்த உடலுடையவரே. அவருக்கு அது உண்மையிலேயே அரிய பொருள். அத்தகைய அளவுகள் எல்லாக் கடைகளிலும் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை மிகுதி. ஆனால் கொடுப்பவரின் குரலில் வெற்றியின் சாயல் இருந்துவிட்டால், 'நான் கரையேறிவிட்டேன், நீ இன்னும் அங்கேயே இருக்கிறாய்' என்று அந்த ஆடை பேசும். அப்போது அது கொடையாகாது.

கௌசாம்பியில் நடந்ததாகப் பௌத்த விநய நூல் கூறும் ஒரு நிகழ்ச்சி இங்கே நினைக்கத்தக்கது. உதயண மன்னனின் அரண்மனைப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினர். துறவிக்கு இத்தனை ஆடைகள் எதற்கு என்று மன்னன் ஐயுற்று, ஆனந்தரிடமே கேட்டான். கிழிந்த ஆடை உடுத்திய பிக்குகளுக்கு அவற்றைப் பகிர்ந்தளிக்கப்போவதாக அவர் கூறினார். அவர்களுடைய பழைய ஆடைகள் என்னவாகும் என்று மன்னன் விடாமல் கேட்டுக்கொண்டே சென்றான். அவை விரிப்புகளாகும், நைந்த விரிப்புகள் மெத்தை உறைகளாகும், பின்னர்த் தரைவிரிப்பாகும், கால் துடைக்கும் துணியாகும், தூசி தட்டும் துணியாகும், இறுதியில் மண்ணோடு குழைத்துத் தரை மெழுகப் பயன்படும் என்பது ஆனந்தரின் விடை. மன்னன் மனநிறைவு கொண்டு மேலும் ஐந்நூறு ஆடைகளை வழங்கினான். சேர்ப்பதும் விடுவதும் அன்று. ஒவ்வொரு நூலும் எங்கே செல்கிறது என்று அறிந்திருப்பதே அங்குள்ள அறம்.

இந்த அறிவு பாரதத்தின் இல்லங்களில் பெண்களின் கைகளில் வாழ்ந்து வந்திருக்கிறது. வங்கத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி ஆகியவை யாவும் பழந்துணிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உருவாக்கிய போர்வைகளே. பிறந்த குழந்தையைப் புதுத்துணியிலன்றி, பலமுறை துவைத்து மென்மையான பழந்துணியால் ஆன சுஜனியில் பொதிவது பீகார் வழக்கம். உடுத்தித் தேய்ந்த துணியே பச்சிளம் உடலுக்கு இதமானது என்பதை அத்தாய்மார்கள் அறிந்திருந்தனர்.

காலியான இடம்

நாகபுரி இல்லத்தில் அன்று மாலை அந்த அலுவலர் மகளின் அருகில் சென்று அமர்ந்தார். நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் சொன்னார்: "காலையில் நான் பேசியது தவறு. அந்த உடம்பை நான் கேலி செய்திருக்கக்கூடாது. அது என்னைப் பொறுமையாகச் சுமந்தது."

மகள் உடனே விடை கூறவில்லை. சற்று நேரம் கழித்து, "பாபா, ஆஜி கோதடி தைக்க வேண்டுமாம். துணியைப் பிரித்துத் தரலாமா?" என்று கேட்டாள்.

நல்ல நிலையில் இருந்த ஆடைகளைத் துவைத்து, தேய்த்து, அறுந்த பொத்தான்களைத் தைத்து, அளவு எழுதித் தனியே கட்டினார்கள். தேய்ந்துபோன பருத்திச் சட்டைகளின் தையலைத் தந்தையும் மகளும் பிரித்தார்கள்; பாட்டி துண்டுகளை அடுக்கினார். பெரிய சட்டையில் துணி அதிகம். ஒரு போர்வைக்கு ஆறே சட்டைகள் போதுமாயிருந்தன. "சிறிய சட்டையென்றால் பத்தாவது வேண்டும்" என்று பாட்டி சொன்னபோது மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எவருக்கும் வலி இல்லை.

கறுப்புக் கோட்டு மட்டும் எஞ்சியது. அதை விடுவது எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது; அது அச்சத்தால் வைத்திருந்ததன்று, அன்பால் வைத்திருந்தது. சில வாரங்கள் கழித்து, அலுவலகத்தில் வண்டி ஓட்டுபவர் தம் மகளின் திருமண அழைப்பிதழோடு வந்தார். அவர் நல்ல பருத்த உடலினர். அலுவலர் சற்றுத் தயங்கிவிட்டுக் கூறினார்: "என் தந்தை எனக்காகத் தைத்துக் கொடுத்த கோட்டு ஒன்று இருக்கிறது, பாவூ. நல்ல காரியத்துக்கென்றே தைத்தது. நீங்கள் விரும்பினால் திருமணத்தன்று அணியலாம். பிடிக்காவிட்டால் தயங்காமல் சொல்லிவிடுங்கள்."

திருமண நாளன்று மண்டபத்தில் நுழைந்தபோது, மணமகளின் தந்தை விருந்தினரை வரவேற்றுக்கொண்டு முதுகு காட்டி நின்றிருந்தார். அகன்ற தோள்கள், கறுப்புக் கோட்டு. ஒரு கணம் அலுவலருக்குத் தாமே அங்கு நிற்பதாகத் தோன்றியது. அந்த உருவத்தில் வெட்கப்படுவதற்கு எதுவும் இல்லை. ஒரு தந்தை தம் வாழ்வின் பெரிய நாளில் நிமிர்ந்து நின்றிருந்தார். அலுவலர் அருகில் சென்று கைகூப்பினார். அந்த வணக்கத்தில் ஒரு பகுதி, முன்பு அக்கோட்டுக்குள் வாழ்ந்த தம் பழைய உடலுக்கும் உரியதாக இருந்தது.

வீட்டு அலமாரியில் இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதை நிரப்புவதற்கு அவர் அவசரப்படவில்லை. மறுநாள் காலையிலும் அம்பாசரி ஏரிக்கரையில் நடக்கச் சென்றார்.

விடுதல் என்பது இவ்வளவே. இறுகப் பற்றியிருந்த கை அஞ்சாமல் திறக்க வேண்டும். திறந்த கை எறியாமல் கொடுக்க வேண்டும். கொடுத்த கை, கொடுத்ததை எண்ணிக் கர்வப்படாமல் தன் அன்றாடக் கடமைக்குத் திரும்ப வேண்டும்.